தீபாவளி விருந்தும் பற்றுப் புத்தகமும்



தீபாவளி விடுமுறை கழிந்து பள்ளி திறக்கும் நாளில், வகுப்பில் சில இருக்கைகள் வெறுமையாய்க் கிடப்பதைக் காண்கிறேன். மறுநாள் வரும் மாணவனை வினவினால், "சப்பாத்து கிழிந்துவிட்டது ஐயா, அப்பாவிடம் பணமில்லை" என்பான். அவன் இல்லத்திலோ தீபாவளியன்று முப்பது பேருக்கு ஆட்டிறைச்சி விருந்து நடந்திருக்கும். மளிகைக்கடைப் பற்றுப் புத்தகத்தில் அக்கணக்கு பொங்கல் வரை நீளும்.

விருந்தோம்பல் நம் குடிப்பண்பு. அதனைக் கைவிடுக என்று நான் கூறேன். கடன்பட்டுத்தான் விருந்தளிக்க வேண்டுமா என்பதே என் வினா. பதினைந்து பேருக்கு 2 கிலோ அரிசியும் 3 கிலோ கோழியும் போதும். உடன் பருப்பும் கத்தரிக்காய்ப் பொரியலும் இருந்தால் குறையேதுமில்லை. ஹலால் கோழியாக வாங்கினால் மலாய் நண்பரும் தயக்கமின்றி உண்பார். வாழையிலை கொல்லையிலேயே உண்டு. முறுக்கை இரண்டு நாள் முன்னதாகவே சுட்டு வைக்கலாம். பிழியப் பிள்ளைகளை அழையுங்கள்; பாதியைத் தின்று தீர்ப்பார்கள், தீர்க்கட்டுமே!

மதுப்புட்டிகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பல வீடுகளில் கறிச்செலவை விஞ்சுவது அச்செலவுதான். அதனை உண்டவர் எவரும் பசியாறியதாக நான் அறியேன்.

இவ்வாண்டு முதலில் சப்பாத்தை வாங்குங்கள். எஞ்சிய பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு விருந்துக்குப் பட்டியல் எழுதுங்கள். என்னையும் அழைப்பீராயின், சோறும் இரசமும் போதும், மகிழ்வுடன் வருவேன்.