யாருடைய செல், யாருடைய சம்மதம்? அரிய புற்றுநோய் ஆய்வும் குரோம்பேட்டை எழுப்பும் கேள்வியும்

தாம்பரத்திலிருந்து கடற்கரை செல்லும் புறநகர் ரயிலில் ஏறினால் இரண்டாவது நிறுத்தம் குரோம்பேட்டை. அந்த ஊருக்குப் பெயர் தந்தது ஒரு தோல் ஆலை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜி.ஏ. சேம்பர்ஸ் நிறுவிய குரோம் லெதர் கம்பெனி, குரோமிய உப்பைக் கொண்டு அங்கே தோல் பதனிட்டது. பல்லாவரம், நாகல்கேணி என அத்தொழில் பக்கத்து ஊர்களிலும் வேரூன்றியது. செத்த மாட்டின் தோலைத் தொடுவது தீட்டு என்று விதித்த சமூகம், அந்த வேலையைத் தலித் மக்களின் தலையிலேயே கட்டியது. அந்த உழைப்பில் விளைந்த செல்வம் அவர்களிடம் தங்கவில்லை. ஆனால், அவ்வுழைப்பின் தூசி அவர்களின் மூச்சில் தங்கியது.

தூசி என்று நாம் சொல்வது உவமையாக அல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை, தோல் தூசியை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. மூக்குக் குழியிலும் அதையொட்டிய எலும்பு அறைகளிலும் அது புற்றை உண்டாக்குகிறது. பதனிடும் தொட்டி வேலையோடு இந்நோய்க்குள்ள தொடர்பு உறுதியாகவில்லை. காய்ந்த தோலை வெட்டும்போதும் தேய்க்கும்போதும் காலணியாகத் தைக்கும்போதும் எழும் தூசியே காரணம். இங்கிலாந்தின் நார்தாம்ப்டன்ஷயர் காலணித் தொழிலாளர்களிடம் இந்நோய் மிகுந்திருப்பது 1970இலேயே மருத்துவ இதழில் பதிவானது.

மருத்துவம் இதனை 'அரிய புற்றுநோய்' என்கிறது. ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் ஆறு பேருக்கும் குறைவாக வருவது அரிய புற்றுநோய் என்பது ஐரோப்பிய வரையறை. அந்த அளவுகோலை 140 கோடி மக்கள் வாழும் நாட்டில் வைத்துப் பார்த்தால், ஆண்டுக்கு 84,000 பேர் வரை பாதிக்கும் நோயும் 'அரிய' நோயாகிவிடும். மேலும், மொத்த மக்கள்தொகையில் அரிதாக இருக்கும் ஒன்று, ஒரு குறிப்பிட்ட வேலையைச் செய்பவர்களிடையே அரிதாக இருக்க வேண்டியதில்லை. யார் எந்தத் தூசியைச் சுவாசிக்க வேண்டும் என்பதைச் சாதி முடிவு செய்யும் நாட்டில், 'அரிது' என்ற சொல்லை நாம் அப்படியே ஏற்றுக்கொள்ள முடியாது.

இத்தகைய நோய்களுக்கு மருந்து காண்பதில் ஒரு சிக்கல் உண்டு. ஆயிரக்கணக்கான நோயாளிகளைத் திரட்டிச் சோதனை நடத்த வழியில்லை. எனவே, கட்டியின் செல்களை ஆய்வகத்தில் வளர்ப்பது இன்றியமையாததாகிறது. அறுவை சிகிச்சையில் எடுத்த கட்டியின் ஒரு துண்டை விரைவாக ஆய்வகத்துக்குக் கொண்டுசென்று, நறுக்கி, நொதிகளால் பிரித்து, ஊட்டக் கரைசலில் இட்டு, 37 டிகிரி வெப்பத்தில் வைக்கிறார்கள். பெரும்பாலான முயற்சிகள் தோற்றுவிடும்; புற்றுச் செல்கள் மடிய, உடன்வந்த சாதாரணச் செல்கள் தட்டை நிறைத்துவிடும். தப்பிப் பிழைத்துத் தொடர்ந்து பெருகுவதையே 'செல் வரிசை' என்கிறார்கள். எந்த மருந்து அந்தக் கட்டியைக் கொல்லும் என்பதை மனித உடலில் செலுத்தும் முன்பே அதில் சோதிக்கலாம். நாம் மேலே சொன்ன மூக்குப் புற்றுக்கு அப்படியொரு செல் வரிசையை ஸ்பெயின் நாட்டின் ஒவியேடோ நகர ஆய்வாளர்கள் உருவாக்கினர்.

ஜி.எஸ்.டி. சாலையிலும் பழைய மகாபலிபுரம் சாலையிலும் உள்ள கல்லூரிகளில் உயிரித்தொழில்நுட்பம் படிக்கும் மாணவர்களுக்குச் செல் வரிசைகள் புதியவை அல்ல. புனேயிலுள்ள தேசிய செல் அறிவியல் மையத்திலிருந்து அவை இந்திய ஆய்வகங்களுக்கு வழங்கப்படுகின்றன. அவற்றில் மிகவும் புகழ்பெற்றது ஹீலா. அது ஹென்ரியட்டா லாக்ஸ் என்னும் கறுப்பினப் பெண்ணின் பெயரைச் சுருக்கியது. புகையிலைத் தோட்டத்தில் உழைத்த அவருக்கு 1951இல் கருப்பைவாய்ப் புற்று கண்டது. பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில், கறுப்பினத்தவருக்கென ஒதுக்கிய பிரிவில் சிகிச்சை பெற்றபோது, அவரைக் கேட்காமலேயே கட்டியின் துண்டை எடுத்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில், 31 வயதில் அவர் இறந்தார். செல்கள் இறக்கவில்லை. போலியோ தடுப்பூசி முதல் எத்தனையோ ஆய்வுகளுக்கு அவை பயன்பட்டன, விற்பனைப் பொருளாயின. 20 ஆண்டுகளுக்கும் மேலாகக் குடும்பத்துக்கு எதுவும் தெரியாது. அச்செல்களை விற்ற ஒரு பெருநிறுவனத்தோடு அவர்கள் தொடுத்த வழக்கு 2023 ஆகஸ்டில்தான் சமரசத்தில் முடிந்தது.

ஜான் மூர் என்பவரின் வழக்கும் நமக்கு முக்கியமானது. அவருக்கு வந்தது ஓர் அரிய இரத்தப் புற்று. 1976இல் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் அகற்றிய அவரது மண்ணீரலிலிருந்து மருத்துவர் ஒரு செல் வரிசையை உருவாக்கிக் காப்புரிமையும் பெற்றார். மூர் வழக்குத் தொடுத்தார். கலிபோர்னிய உச்ச நீதிமன்றம் 1990இல் இரண்டு விடைகளைச் சொன்னது: தன் ஆய்வு நலனையும் பண நலனையும் மருத்துவர் நோயாளியிடம் மறைத்திருக்கக் கூடாது, ஆனால், உடலை விட்டு அகன்ற செல்கள் மீது நோயாளிக்குச் சொத்துரிமை இல்லை.

இந்தியாவில் நிலை என்ன? 2009இல் கம்மம் மாவட்டத்தில், பழங்குடிச் சிறுமிகள் பெருமளவில் இடம்பெற்ற கருப்பைவாய்ப் புற்றுத் தடுப்பூசித் திட்டம் ஒன்று தொடங்கியது. மரணங்கள் குறித்த செய்திகளால் 2010இல் அது நிறுத்தப்பட்டது. மரணங்களுக்குத் தடுப்பூசியோடு தொடர்பில்லை என்று விசாரணைக் குழு கூறியது. ஆயினும், பெற்றோர் இட வேண்டிய கையெழுத்தை விடுதிக் காப்பாளர்களும் தலைமையாசிரியர்களும் இட்டிருந்தது வெளிப்பட்டது. 2013இல் நாடாளுமன்ற நிலைக்குழு இதைக் கடுமையாகக் கண்டித்தது. ஒடுக்கப்பட்டவர்களின் சம்மதம் வேறு யாரோ தரக்கூடிய ஒன்று என்ற எண்ணம் எவ்வளவு ஆழமானது என்பதற்கு இது சான்று.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு அறநெறி வழிகாட்டுதல்கள், திசு வங்கிகளுக்கென ஓர் அத்தியாயத்தையே ஒதுக்கியுள்ளன. பலனைப் பகிர்வது பற்றியும் பேசுகின்றன. எனினும், சிகிச்சைக்குப் பின் எஞ்சிய திசுவின் அடையாளத்தை நீக்கிவிட்டால், நோயாளியின் சம்மதம் இன்றியே ஆய்வு செய்ய அறநெறிக் குழு விலக்கு அளிக்கலாம். திசு தந்தவரின் உரிமைக்கெனத் தனிச் சட்டம் எதுவும் நம்மிடம் இல்லை. அடையாளத்தை நீக்குவது அந்தரங்கத்தைக் காக்கிறது என்பது உண்மையே. ஆனால், அதே கத்தரி உரிமை கோரும் வழியையும் அறுத்துவிடுகிறது. அத்தோடு, அந்த உடல் என்ன வேலை செய்தது, எந்தத் தூசியைச் சுவாசித்தது என்ற செய்தியும் தொலைந்துபோகலாம். பொது வார்டில், வலியோடும் பயத்தோடும், படித்துக் காட்டப்படாத தாளில் கைரேகை வைக்கும் ஒருவரிடம் ஆய்வுக்கான சம்மதத்தைத் தனியாகக் கேட்டதாக எப்படிச் சொல்ல முடியும்?

இது நமக்குத் தொலைவான கேள்வி அல்ல. தென்சென்னையில் ஐ.ஐ.டி. மெட்ராஸ் நடத்தும் தேசியப் புற்றுநோய்த் திசு வங்கி இருக்கிறது. 480 மார்பகப் புற்றுநோயாளிகளின் மாதிரிகளைக் கொண்டு உருவான பாரத் புற்றுநோய் மரபணுத் தொகுப்பை அந்நிறுவனம் 2025 பிப்ரவரியில் வெளியிட்டது. வெள்ளையரின் உடல்களிலிருந்து பெற்ற தரவுகளையே நம்பியிருந்த ஆய்வுலகில் இது வரவேற்கத்தக்க முயற்சி. அடுத்து அரிய புற்றுகளின் முறை வரும்போது யாருடைய கட்டிகள் வங்கிக்குச் செல்லும், அவர்களிடம் எந்த மொழியில் கேட்பார்கள் என்பதை இப்போதே பேசியாக வேண்டும்.

இத்தனை நிபந்தனைகள் விதித்தால் ஆய்வு முடங்கிவிடும் என்பார்கள். ஹீலாவின் வரலாறு அப்படிச் சொல்லவில்லை. 2013இல் ஹீலாவின் மரபணு வரைபடம் குடும்பத்தைக் கேட்காமல் வெளியானபோது எதிர்ப்பு எழுந்தது. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் குடும்பத்தோடு உடன்பாடு கண்டு, தரவைக் கோரும் விண்ணப்பங்களை ஆராயும் குழுவில் குடும்பத்தினருக்கும் இடமளித்தது. ஆய்வு நிற்கவில்லை.

எனவே நாம் கோருபவை நான்கு. அறுவை சிகிச்சைக்கான ஒப்புதலும் ஆய்வுக்கான ஒப்புதலும் தனித்தனித் தாள்களாக இருக்க வேண்டும். தமிழில் படித்து விளக்கிய பிறகே அவற்றில் கையெழுத்துப் பெற வேண்டும். திசு வங்கிகளும் புற்றுநோய்ப் பதிவேடுகளும் நோயாளியின் தொழிலை, தலைமுறைத் தொழில் உட்பட, குறித்துவைக்க வேண்டும். அறநெறிக் குழுக்களின் பொதுமக்கள் இடத்தில் தோல், தூய்மைப் பணித் தொழிலாளர்களின் சங்கங்களுக்கு இடம் வேண்டும். ஏழையின் திசுவில் பிறந்த மருந்து அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கிடைக்க வேண்டும்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. ஆய்வகத்தில் ஹீலா குடுவையைக் கையிலெடுக்கும்போது, அது யாருடையது என்று உங்கள் ஆசிரியரிடம் கேளுங்கள். உங்கள் கல்லூரியின் அறநெறிக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்றும் கேளுங்கள். குரோம்பேட்டையின் பெயரில் ஒரு வேதிப்பொருள் நிலைத்துவிட்டது. அங்கே உழைத்தவர்களின் பெயர்கள் நிலைக்கவில்லை. ஆய்வகத் தட்டிலும் அதே கதை நடக்க நாம் அனுமதிக்கக் கூடாது.