தள்ளிப்போன கடல்

ஜப்பானின் ஹக்கோடாத்தே மலை 334 மீட்டர்தான். இரவில் ஏறிப் பார்த்தால் இரு புறமும் கறுத்த கடல். நடுவே இடுப்புபோலச் சிறுத்த துறைமுக நகரம் ஒளிரும். அந்த அழகில் பாதி, கடலின் இருட்டு தருவது.

மலேசியாவின் மலாக்கா மாநிலத்துக் கடலோர ஊரான செர்காமைச் சேர்ந்த எனக்கு அப்படியோர் இடம் மலாக்கா நகரின் செயின்ட் பால் குன்று. 1521இல் போர்த்துகீசியர் எழுப்பிய தேவாலயம் கூரையிழந்து நிற்கிறது. முத்துக்குளித்துறைப் பரதவரிடையே பணியாற்றிய சவேரியாரின் உடல், கோவாவுக்குப் போகுமுன் 1553இல் சில மாதங்கள் இங்கேதான் இருந்தது. அன்று குன்றை ஒட்டியே கடல். இன்று கடலைத் தூர்த்த நிலத்தில் பேரங்காடிகள். அவற்றின் விளக்கு வெள்ளத்துக்கு அப்பால் நீரிணையைத் தேட வேண்டியிருக்கிறது. 2008இல் உலக மரபுரிமைப் பட்டியலில் ஏறிய ஊர் இது. சுவர்களைக் காத்தால் போதுமா? குன்றிலிருந்து கடலுக்குப் போகும் பார்வையும் மரபுரிமைதான். இனி அதை மறைக்க ஒரு மாடிக்கும் அனுமதி தரக்கூடாது.

செர்காம் கரையில் மீன் சுடும் கடைகளில் உட்கார்ந்தால் இருட்டுக் கடல் இன்னும் அப்படியே தெரிகிறது. அதைக் குன்றின் மேலிருந்து பிள்ளைகளுக்குக் காட்டத்தான் எனக்கு ஆசை.