மகாலைக் காப்பது யார் கடமை?

"குயவனுக்கு ஆறு மாதம், தடிகாரனுக்கு அரை நாழிகை" என்பர் பெரியோர். பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் கல்விச் சுற்றுலாவில் மதுரைத் திருமலை நாயக்கர் மகாலைக் கண்டபோதுதான் அம்மொழியின் பொருள் எங்களுக்கு விளங்கிற்று.

1623 முதல் 1659 வரை மதுரையை ஆண்ட திருமலை நாயக்கர், 1636-ஆம் ஆண்டில் இம்மாளிகையை எழுப்பினார். அது ஐரோப்பாவில் பரோக் என்னும் ஆடம்பரக் கலைப்பாணி கோலோச்சிய காலம். ஆயினும் பிரான்சு மன்னர் பதினான்காம் லூயி, வெர்சாய் அரண்மனையை விரிவாக்கத் தொடங்கியது 1661-இல்தான்! நம் மகால் அதற்கும் மூத்தது என்பது பெருமையன்றோ? செங்கல்லால் கட்டிச் சுண்ணச்சாந்து பூசி மெருகேற்றிய தூண்களை எங்களில் இருவர் கைகோத்தும் கட்டியணைக்க முடியவில்லை.

ஆனால் இன்று எஞ்சி நிற்பது பழைய அரண்மனையின் நான்கில் ஒரு பங்கே என்கிறார்கள். எதிரியா இடித்தான்? இல்லை. சொந்தப் பேரன் சொக்கநாத நாயக்கரே, தலைநகரைத் திருச்சிக்கு மாற்றியபோது பெரும்பகுதியைப் பிரித்தெடுத்துச் சென்றார். எஞ்சியதைச் செப்பனிடச் செய்தவரோ, 1866 முதல் 1872 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபு. பேரன் பிரித்தார், அயலார் காத்தார்!

பேரனைப் பழிக்க நமக்குத் தகுதி உண்டா? உண்மையைச் சொல்லிவிடுகிறோம். எங்களுள் ஒருத்தி காம்பஸ் முனையால் ஒரு தூணில் தன் பெயரின் முதலெழுத்தைக் கீறினாள். நாங்கள் தடுக்கவில்லை; சுற்றி நின்று மறைத்துக் கொண்டோம். அதைக் கண்ட சிஸ்டர் ஏசவில்லை. "சுந்தரபாண்டியபுரத்தில் சூரியகாந்தி பூத்ததும் படம் எடுக்க வருகிறவர்கள் வயலில் இறங்கி மிதித்தால் உங்கள் அப்பா என்ன சொல்வார்?" என்று மட்டும் கேட்டார். நாங்கள் தலைகுனிந்தோம்.

"அரசு காவல் போடட்டும்" எனச் சிலர் கூறுவர். மகாலைத் தமிழ்நாடு தொல்லியல் துறை பராமரித்துத்தான் வருகிறது. ஆயினும் தூணுக்கொரு காவலர் நிற்க இயலுமா? பார்க்க வருகிறவரே காவலராக வேண்டும் என்பதே எங்கள் கருத்து.

நாங்கள் வருந்தியும் அந்த எழுத்து அங்கேயேதான் இருக்கிறது. அடுத்த ஆண்டு மதுரை செல்லவிருக்கும் அன்புத் தங்கையரே! காம்பஸை வீட்டில் வைத்துவிட்டு, கண்களை மட்டும் கொண்டு செல்லுங்கள்.