கல்லூரிக் கோப்புகள் கல்லூரியிலேயே இருக்கட்டும்

2025 ஜூலை 22 அன்று நயாரா எனர்ஜி நிறுவனத்தின் ஊழியர்களுக்கு மைக்ரோசாஃப்டின் அவுட்லுக் மின்னஞ்சல் திறக்கவில்லை. டீம்ஸும் வேலை செய்யவில்லை. குஜராத்தின் வாடினாரில் ஆண்டுக்கு 2 கோடி டன் கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும் நிறுவனம் அது. சந்தா முழுவதும் கட்டியாகிவிட்டது. ஆனால், ரஷ்யாவின் ரோஸ்நெஃப்ட் அதில் பங்குதாரர் என்பதால் ஐரோப்பிய ஒன்றியம் சில நாள்களுக்கு முன் தடை விதித்திருந்தது. அந்தத் தடையைத் தானாகவே பொருள்கொண்டு மைக்ரோசாஃப்ட் சேவையை நிறுத்திவிட்டது என்று டெல்லி உயர் நீதிமன்றத்தில் நயாரா முறையிட்டது. 30-ஆம் தேதி சேவை திரும்பியது. பெரிய வழக்கறிஞர்களை அமர்த்த முடிந்த நிறுவனத்துக்கே எட்டு நாள் ஆனது. ஓர் அரசுக் கல்லூரிக்கோ நகராட்சிக்கோ இப்படி நேர்ந்தால் யாரிடம் போய் முறையிடுவது?

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு 'சுதேசி மென்பொருள்' என்ற குரல் ஓங்கியது. ஒன்றிய அரசு ஊழியர்கள் சுமார் 12 லட்சம் பேரின் மின்னஞ்சல் ஸோஹோவின் தளத்துக்கு மாற்றப்பட்டிருக்கிறது. தென்காசிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து உலகச் சந்தைக்கு மென்பொருள் செய்து காட்டிய நிறுவனம் அது. தமிழகத்துக்கு அதில் பெருமை உண்டு. என்றாலும், மூல நிரல் நிறுவனத்தின் வசம்தான் இருக்கிறது. விலையையும் விதியையும் நாளை மாற்றப்போவதும் அந்த நிறுவனம்தான். வீட்டுக்காரர் நம்மூர்க்காரர் என்பதற்காக வாடகை வீடு சொந்த வீடாகிவிடாது. பொதுப் பணத்தில் இயங்கும் நிறுவனங்கள், மூல நிரல் எல்லாருக்கும் திறந்திருக்கும் கட்டற்ற மென்பொருளைத் தங்கள் சர்வரிலேயே நிறுவி நடத்த வேண்டும் என்பதே நம் நிலைப்பாடு. அதைக் கல்லூரிகளிலிருந்து தொடங்க வேண்டும்.

கல்லூரிகளில் இன்று நடப்பது என்ன? அக மதிப்பெண் பட்டியல், தர மதிப்பீடு செய்யும் நாக் குழுவுக்கான கோப்புகள், ஆய்வேடுகள் எல்லாம் துறைத் தலைவர் ஒருவரின் சொந்த ஜிமெயில் கணக்கில் கிடக்கின்றன. இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபி நிரம்பியதும் பழைய வகுப்புப் பதிவுகளை அழிக்க வேண்டியதுதான். அவர் ஓய்வு பெற்றால், புதிதாக வருபவர் கடவுச்சொல் கேட்டு அவர் வீட்டுக்குப் போன் செய்கிறார். கணக்கு அவருடையது, ஆவணம் கல்லூரியுடையது. நிறுவனத்தின் பெயரிலேயே கணக்கு வைத்தாலும் முழு நிம்மதி கிடையாது. கல்வி நிறுவனங்களுக்கு அளவில்லாச் சேமிப்பிடம் தந்துவந்த கூகுள், 2022-இல் ஒரு நிறுவனம் முழுமைக்கும் 100 டிபி என்று வரம்பு கட்டியது. பல்லாண்டுத் தரவைக் குவித்துவைத்திருந்த உலகின் பெரிய பல்கலைக்கழகங்களே எதை அழிப்பது, எதை எங்கே மாற்றுவது என்று திண்டாடின.

மாற்று இல்லையா என்றால், தாராளமாக இருக்கிறது. கோப்புகளுக்கும் நாள்காட்டிக்கும் நெக்ஸ்ட்கிளவுட், பாடத்துக்கும் தேர்வுக்கும் மூடில், இணைய வகுப்புக்கு பிக்புளூபட்டன், கூட்டங்களுக்கு ஜிட்சி. பிக்புளூபட்டன் பிறந்ததே கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில்தான். எதற்கும் உரிமக் கட்டணம் இல்லை. மூல நிரல் திறந்தே கிடக்கிறது. நெக்ஸ்ட்கிளவுடை ஒரு துறை அளவில் தொடங்க ஆய்வகத்தில் இருக்கும் ஒரு நல்ல கணினியே போதும். லினக்ஸ் இயங்குதளம் போட்டு, இரண்டு ஹார்டு டிஸ்க்கில் ஒரே தரவு பதியும்படி அமைத்துவிட்டால், ஆசிரியர் வழக்கம்போல் கைப்பேசிச் செயலியில் கோப்பை ஏற்றுவார், மாணவருக்கு லிங்க் அனுப்புவார். ஒரே வித்தியாசம், கோப்பு அந்த வளாகத்திலேயே இருக்கும். ஆசிரியர் பணி மாறினால் நிர்வாகி அதை அடுத்தவர் பெயருக்கு மாற்றிக் கொடுப்பார்.

இதில் வேலை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. பாதுகாப்பு அப்டேட்டுகளை வந்தவுடன் போட வேண்டும். மின்வெட்டுக்கு யுபிஎஸ் வேண்டும். மூன்று பிரதிகள் எடுத்து, ஒன்றை வேறு ஊரில் வைக்க வேண்டும். அந்தப் பிரதியிலிருந்து தரவை மீட்க முடிகிறதா என்று அவ்வப்போது பார்க்கவும் வேண்டும். கவனிப்பாரற்ற சொந்த சர்வர், அந்நிய நிறுவனத்தின் சர்வரைவிட ஆபத்தானது. மின்னஞ்சலை மட்டும் தனித்தனிக் கல்லூரிகளின் தலையில் கட்டக் கூடாது. சிறிய சர்வரிலிருந்து போகும் அஞ்சலைப் பெரிய நிறுவனங்கள் எளிதில் ஸ்பேமில் தள்ளிவிடுகின்றன. அதை மாநிலத் தரவு மையம் ஏற்று நடத்துவதே முறை.

அரசு அளவில் இது கைகூடுமா என்பவர்கள் ஜெர்மனியின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலத்தைப் பார்க்கலாம். 2025 அக்டோபரில் 40,000-க்கும் மேற்பட்ட அஞ்சல் பெட்டிகளை மைக்ரோசாஃப்டிலிருந்து ஓப்பன்-எக்ஸ்சேஞ்ச் என்ற கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றி முடித்தது. நடுவில் தடங்கல்களும் ஊழியர்களின் புகார்களும் இருந்தன; அரசு பின்வாங்கவில்லை. அதே நாட்டின் மியூனிக் நகரமோ பல்லாண்டு உழைத்து சுமார் 15,000 கணினிகளை லினக்ஸுக்கு மாற்றிவிட்டு, 2017-இல் விண்டோஸுக்கே திரும்ப முடிவெடுத்தது. சிக்கலில் பெரும்பகுதி நிர்வாக அமைப்பில் இருந்தது என்று அப்போதைய ஆய்வே சொன்னது.

மியூனிக்கின் கதை நமக்கும் பழக்கமானதுதான். 2007 வாக்கில் தமிழக அரசின் மின்னணு நிறுவனமான எல்காட் தன் கணினிகளை சூசே லினக்ஸுக்கு மாற்றி வழிகாட்டியது. அதை முன்னின்று நடத்திய ஐ.ஏ.எஸ். அதிகாரி உமாசங்கர் பொறுப்பிலிருந்து மாற்றப்பட்ட பிறகு வேகம் அடங்கியது. ஒன்றிய அரசின் கணினி ஆய்வு மையமான சி-டாக்கின் சென்னைப் பிரிவு உருவாக்கிய பாஸ் லினக்ஸ், தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸோடு சேர்த்துத் தரப்பட்டது. ஆசிரியர்களுக்கு உரிய பயிற்சி இல்லாததால் பெரும்பாலான மாணவர்கள் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. பக்கத்தில் கேரளம், பாடநூல், ஆசிரியர் பயிற்சி, தேர்வு மூன்றையும் சேர்த்தே கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றியது. அதனால் அங்கே அது நிலைத்தது. ஒன்றிய அரசின் 2015-ஆம் ஆண்டுக் கொள்கையும் அரசுத் துறைகளில் கட்டற்ற மென்பொருளுக்கு முன்னுரிமை கேட்கிறது.

இதையெல்லாம் பராமரிக்க ஆள் எங்கே என்று கேட்க வேண்டியதில்லை. விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழு, கணியம் அறக்கட்டளை போன்ற தன்னார்வ அமைப்புகள் சம்பளம் வாங்காமலேயே இளைஞர்களுக்குக் கட்டற்ற மென்பொருளைக் கற்றுத்தருகின்றன. அரசு செய்ய வேண்டியது, ஒவ்வோர் அரசுக் கல்லூரியிலும் சர்வர் பராமரிப்புக்கென ஒரு நிரந்தரப் பணியிடம் உருவாக்குவதும், கணினி அறிவியல் மாணவர்கள் அந்தப் பணியாளரோடு சேர்ந்து பார்க்கும் வேலைக்குப் பாடத்திட்டத்தில் மதிப்பெண் ஒதுக்குவதும்தான். ஆண்டுதோறும் சந்தாவுக்குப் போகும் தொகையை அந்தப் பணியாளரின் சம்பளத்துக்குத் திருப்பலாம். உயர்கல்வித் துறை வரும் கல்வியாண்டுக்குள் மண்டலத்துக்கு ஒரு கல்லூரியைத் தேர்ந்தெடுத்து, அங்குள்ள துறைகளின் கோப்புகளை முதலில் மாற்ற உத்தரவிட வேண்டும்.