மனசு இருக்கு... ஆனா கை ஏன் தூக்கல?

2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை தத்தளித்தபோது, ஐ.டி. இளைஞர்கள் பலர் சாப்பாட்டுப் பொட்டலங்களோடு தெருவில் இறங்கினார்கள். பதறியபடி வீட்டிலேயே இருந்தவர்களும் உண்டு. அவர்களுக்கு மனசே இல்லையா?

அப்படிச் சொல்லிவிட முடியாது. அடுத்தவர் வலியை உணர்வது வேறு. முன்பின் தெரியாத கூட்டத்தோடு போய் நிற்பது வேறு. இணக்கமான குணமும் கலகலப்பும் உள்ளவர்களே தன்னார்வப் பணிக்கு அதிகம் முன்வருகிறார்கள் என்கின்றன உளவியல் ஆய்வுகள். கூச்ச சுபாவம் உள்ளவருக்கு இரக்கம் இருந்தாலும் முதல் அடிதான் தடை.

வாட்ஸ்அப் குரூப்பில் ‘யாரெல்லாம் வர்றீங்க?’ என்றால் வழக்கமான நாலு பேர்தான் கை தூக்குவார்கள். ‘சனிக்கிழமை 2 மணி நேரம் பொட்டலம் கட்ட வர்றீங்களா?’ என்று தனியாகக் கேளுங்கள். பேசாத ஆளும் வருவார். ஆள் இல்லை என்று புலம்புவதைவிட, ஆளைப் பார்த்துக் கேட்பது மேல்.