பழைய விமான உறுப்புக்களும் அவற்றைத் திரட்டுவோரும்

பழம்பொருள் திரட்டுவோர் பலவகையினர். நாணயம் தேடுவார் உளர். அஞ்சல் தலை தேடுவார் உளர். இங்கிலாந்து முதலிய நாடுகளில் பழைய போர் விமானங்களின் இருக்கை, அளவுகாட்டும் கருவி, நெம்புகோல் ஆகியவற்றைத் தேடித் திரட்டுவாரும் பலர். "உடைந்த தகரத்திற்கு இத்துணை ஆரவாரமோ?" என நகைப்பாரோடு யாம் உடன்படேம். போர் முடிந்தபின் எண்ணிறந்த விமானங்கள் உருக்குலைக்குச் சென்றன. தப்பியவற்றுட் பலவற்றைக் காத்தவர் இவ்வார்வலரே. ஆயினும், திரட்டும் முறையிற் குற்றம் உண்டென்பதும், அது சிறிதன்றென்பதும் எம் கருத்து.

ஸ்பிட்பயர் விமானத்தின் இருக்கையையே நோக்குவோம். 1936-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் முதன்முதற் பறந்த இவ்விமானம், பின்னர் 20,000-க்கு மேற்பட்ட எண்ணிக்கையில் ஆக்கப்பெற்றது. அதன் இருக்கை இருவகைத்து: ஒன்று உலோகத் தகட்டாலாயது, மற்றொன்று பிசினூட்டி அழுத்திய செம்பழுப்பு நிறப் பொருளாலாயது. ஈதென்ன, தொட்டிபோற் குழிந்துளதே, மெத்தை யாண்டையது என வினவுவாரும் உளர். விமானி, பாரசூட் என்னும் வான்குடையை மடித்துக் கட்டிய பொதியின்மீதே அமர்ந்தான். அப்பொதியே மெத்தை, அது பொருந்துதற்கே அக்குழிவு. இஃதறியாதார் அவ்விருக்கையைக் கண்டும் காணாதாரே.

இனி, உறுப்புக்களிற் பொறித்த எண்கள். 300 எனத் தொடங்கும் வரைபட எண் ஸ்பிட்பயரின் முதல் வகைக்கு உரியது. 361 ஒன்பதாம் வகைக்கு உரியது. 300-ஐக் கண்டவுடனே, '1940-இல் இங்கிலாந்தின் வானைக் காத்த விமானத்தின் உறுப்பு' என விலையை உயர்த்துவார் உளர். அது பொருந்தாது. மாற்றம் வேண்டாத உறுப்புக்கள் பழைய எண்ணுடனேயே பிந்திய வகைகளிலும் பூட்டப்பெற்றன. எவ்வகைக்கென முதலில் வரையப்பட்டது என்பதையே அவ்வெண் கூறும். எவ்விமானத்திற் பறந்தது என்பதைக் கூறாது. முடியின் கீழ் 'ஏ.எம்.' எனும் எழுத்துக்களும் விமான அமைச்சகத்தின் உடைமை என்பதன்றி வேறொன்றும் உணர்த்தா.

ஆகவே வண்ணப் பூச்சின் அடுக்குகள், ஆய்வாளர் முத்திரை, பழுது பார்த்த தழும்பு, கிடைத்த இடம் ஆகிய இவையே எஞ்சிய சான்றுகள். இவற்றையோ விற்பார் பலர் தேய்த்து மெருகிட்டு அழித்து, விருந்தறை நாற்காலியாக்கி விடுகின்றனர். எழுதினோன் பெயரும் நாளும் உள்ள இறுதி ஏட்டைக் கிழித்தெறிந்துவிட்டுச் சுவடிக்குப் பட்டுறை தைப்பாரை யாம் என்னென்பது! (தேய்த்தலில் மற்றொரு தீங்கும் உண்டு. பழைய கருவி முகப்புக்களில் ரேடியம் பூசினர். ஒளி மங்கிப் பல்லாண்டு கழியினும் நஞ்சு மங்கிற்றன்று. ரேடியம் பாதியாய்க் குறைதற்கு ஏறத்தாழ 1,600 ஆண்டு செல்லும்.)

இவற்றினும் பெரிய வினா ஒன்றுளது. பி9374 என்னும் ஸ்பிட்பயர் 1940 மே மாதத்தில் பிரான்சின் கலே கடற்கரையில் இறங்கி மணலிற் புதைந்தது, 1980-இல் வெளிப்பட்டது, சீர்செய்யப்பெற்று 2011-இல் மீண்டும் பறந்தது, 2015-இல் 30 இலட்சம் பவுனுக்கு மேற்பட்ட விலைக்கு ஏலம் போயிற்று. அதன் விமானி உயிருடன் தப்பியவன். எல்லா விமானிகளும் அங்ஙனம் தப்பினாரல்லர். வீழ்ந்த விமானங்கள் பல, இளைஞர்க்குக் கல்லறைகளாயின. அவருட் பலர் எம்மினும் இரண்டோ மூன்றோ ஆண்டே மூத்தவர். பிரிட்டனில் 1986-ஆம் ஆண்டுச் சட்டப்படி, போர்ப்பணியில் வீழ்ந்த விமானம் கிடக்கும் இடத்தைப் பாதுகாப்பு அமைச்சகத்தின் உரிமமின்றித் தோண்டுதல் குற்றமாகும். சட்டம் தோண்டுவோனைத் தடுக்கும். வாங்குவோன் வினவாதிருப்பின் தோண்டுவோனுக்கு ஊதியம் குறையாது. நிலத்தடியினின்று வந்த இருக்கை எனின், எண்ணைக் கேட்குமுன் உரிமத்தைக் கேட்டல் வேண்டும். அது காட்டாதவனிடத்து, எத்துணை அரிய பொருளாயினும், வாங்காது மீளுதலே தகும் என்பேம்.