ஒரு 6, 5 ஆன கதை!

1957 ஜூன் மாதம். நியூயார்க் அருகே விங்டு ஃபுட் கோல்ஃப் கிளப். பெண்களுக்கான யு.எஸ். ஓபன் போட்டி அப்போதுதான் முடிந்திருந்தது. கோல்ஃபில் குறைந்த அடிகளில் எல்லாக் குழிகளையும் முடிப்பவருக்கே கோப்பை. 72 குழிகளுக்கு ஹவாய் தீவுக்காரரான ஜாக்கி பங் எடுத்தது 298 அடிகள். அடுத்து வந்த பெட்ஸி ரால்ஸ் எடுத்தது 299. ஒரே ஓர் அடி வித்தியாசத்தில் ஜாக்கிக்கு வெற்றி!

வாழ்த்துகள் குவிந்துகொண்டிருந்தபோதே இடி இறங்கியது. ஜாக்கி பங் தகுதி நீக்கம் செய்யப்பட்டார்.

என்ன நடந்தது?

கோல்ஃபில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவருடைய ஸ்கோரை அவரே எழுதக்கூடாது. கூட ஆடுபவர்தான் எழுதுவார். சுற்று முடிந்ததும் அதைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவது மட்டும் அவரவர் பொறுப்பு. ஜாக்கியுடன் கடைசிச் சுற்றில் ஆடியவர் பெட்டி ஜேம்சன். 4-வது குழியில் இருவருமே 6 அடிகள் எடுத்தார்கள். ஆனால், ஜாக்கியின் கார்டில் ஜேம்சன் எழுதியது 5. வேடிக்கை என்னவென்றால், ஜேம்சனின் கார்டில் ஜாக்கி எழுதியதும் 5!

மொத்தக் கூட்டல் சரியாகவே இருந்தது. யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. ஆனாலும், எடுத்ததைவிடக் குறைவான எண் உள்ள கார்டில் கையெழுத்துப் போட்டால் ஆட்டத்தைவிட்டு வெளியேற வேண்டியதுதான். விதி அப்படி. இருவரும் வெளியேற்றப்பட்டார்கள். கோப்பையும் 1,800 டாலர் பரிசும் ரால்ஸுக்குப் போயின.

ஜாக்கிக்கு இது இரண்டாவது அடி. 1953-ல் இதே போட்டியில், இதே ரால்ஸுடன் சமநிலையில் முடித்து, மறுநாள் நடந்த 18 குழி ஆட்டத்தில் தோற்றிருந்தார். அவருடைய கண்ணீரைப் பார்த்த கிளப் உறுப்பினர்களுக்கு மனசு கேட்கவில்லை. ஆளுக்குக் கொஞ்சம் போட்டு அவருக்காகப் பணம் திரட்டினார்கள். சேர்ந்த தொகை, முதல் பரிசைவிட அதிகம்!

அந்தக் காலத்தில் பெண்கள் கோல்ஃபில் அவ்வளவுதான் பணம். இத்தனைக்கும் போட்டி பிறந்தபோது நிலைமை நன்றாகவே இருந்தது. 1946-ல் வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்போகேன் நகரில் முதல் போட்டி நடந்தபோது, பேட்டி பெர்க் வென்றது 5,600 டாலர் மதிப்புள்ள போர்ப் பத்திரங்கள். இறுதி ஆட்டத்தில் அவரிடம் தோற்றவர் வேறு யாருமல்ல, அதே பெட்டி ஜேம்சன். அடுத்த ஆண்டே ஜேம்சன் கோப்பையை வென்றுவிட்டார்.

பிறகு போட்டி கை மாறிக்கொண்டே இருந்தது. 1949 முதல் பெண் தொழில்முறை வீராங்கனைகளின் சங்கமே நடத்தியது. 1953-ல் அமெரிக்க கோல்ஃப் சங்கம் பொறுப்பேற்றது. மறு ஆண்டே போட்டிக்கு ஒரு வீர கதை கிடைத்தது. பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டு ஓராண்டு சொச்சமே ஆகியிருந்த பேப் ஸஹாரியஸ், 12 அடிகள் வித்தியாசத்தில் ஜெயித்தார். 1956-ல் அதே நோய் அவர் உயிரைப் பறித்தது.

ஆண்டுகள் ஓடின. 1998-ல் தென்கொரியாவின் 20 வயது சே ரி பாக், சாக்ஸைக் கழற்றிவிட்டுத் தண்ணீருக்குள் இறங்கி நின்று பந்தை அடித்துக் கோப்பையை வென்றார். தொலைக்காட்சியில் அதைப் பார்த்த கொரியச் சிறுமிகள் பலர் கோல்ஃப் மட்டையைக் கையில் எடுத்தார்கள். அவர்களில் ஒருவரான இன்பீ பார்க், பத்தே ஆண்டுகளில், 19 வயதில், இதே கோப்பையைத் தூக்கினார்.

ஹவாய்க்கும் காலம் வந்தது. 2014-ல் ஹோனலூலுவில் பிறந்த மிஷெல் வீ கோப்பையை வென்றார். 2023-ல் கலிஃபோர்னியாவின் பெபிள் பீச்சில், அதே ஹோனலூலுவின் அலிசன் கார்ப்பஸ் ஜெயித்தார். பரிசு 20 லட்சம் டாலர். அன்றைய மதிப்பில் சுமார் 16 கோடி ரூபாய்! மிஷெல் வீ ஆட்டத்திலிருந்து விடைபெற்றதும் அதே போட்டியில்தான்.

ஜாக்கி பங் அதைப் பார்க்க இல்லை. 2017-ல், 95 வயதில் காலமாகிவிட்டார். யு.எஸ். ஓபன் கோப்பை கடைசிவரை அவர் கைக்கு வரவே இல்லை. சாம்பியன்கள் பட்டியலில் 1957-க்கு நேரே இருப்பது ரால்ஸின் பெயர்தான்.

ஆனால், அந்த ஆண்டைப் பற்றிப் பேசும் யாரும் முதலில் சொல்வது ஜாக்கி பங்கின் பெயரை. இன்றைக்கும் கோல்ஃபில் ஆட்டம் முடிந்ததும் வீராங்கனைகள் ஒவ்வொரு குழியின் எண்ணையும் சரிபார்த்த பிறகுதான் பேனாவை எடுக்கிறார்கள்.

கையெழுத்துப் போடும் முன் ஒருமுறை படித்துப் பார்ப்பது, நமக்கும் நல்லதுதானே!